அபூர்வ பீரும் ஏறும் விலையும்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

சிறிய ஆலைகள் குறைந்த அளவில், தங்களுக்கே உரிய பக்குவத்தில் காய்ச்சும் பீர் கிராஃப்ட் பீர் எனப்படுகிறது. அமெரிக்காவிலும் பெல்ஜியத்திலும் இதில் சில வகைகள் ஆண்டுக்கு ஒருமுறைதான் வெளிவரும். சில ஒரே ஊரில் மட்டும் கிடைக்கும். அத்தகைய பாட்டில்கள் கடைக்கு வந்ததும், ஆலை சொன்ன விலையைப்போல் இரண்டு மூன்று மடங்கு வைத்து விற்கும் கடைக்காரர்கள் உண்டு. அது கொள்ளை என்கிறார்கள் சிலர். வியாபாரியின் உரிமை என்கிறார்கள் வேறு சிலர். இரு தரப்பு வாதங்களிலும் சோதிக்கப்படாத நம்பிக்கைகள் கலந்திருக்கின்றன. அவற்றை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தால், தவறு எங்கே தொடங்குகிறது என்பது தெளிவாகும்.

நம்பிக்கை 1: ஆலை குறித்த விலைக்கு மேல் விற்பது சட்டப்படி குற்றம்.

உண்மை: அமெரிக்காவில் அது பொதுவாகக் குற்றம் அல்ல. 1933இல் மதுவிலக்கு நீங்கிய பிறகு பெரும்பாலான மாநிலங்கள் மூன்றடுக்கு முறையைக் கொண்டுவந்தன. ஆலை மொத்த விநியோகஸ்தருக்கு விற்கும். விநியோகஸ்தர் கடைக்காரருக்கு விற்பார். கடைக்காரர்தான் குடிப்பவருக்கு விற்பார். இந்த வரிசையில் ஆலை சொல்லும் சில்லறை விலை வெறும் பரிந்துரைதான். கடைசி விலையைக் கடைக்காரரே முடிவு செய்கிறார். மேலிருப்பவர்கள் சில்லறை விலையைக் கட்டிப்போடும் ஏற்பாடுகளை அமெரிக்க நீதிமன்றங்கள் நெடுங்காலமாகச் சந்தேகத்தோடு பார்த்துவந்துள்ளன. கலிபோர்னியாவில் ஒயினுக்கு அப்படி இருந்த ஒரு முறை போட்டிச் சட்டத்துக்கு முரணானது என்று 1980இல் மிட்கால் அலுமினியம் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பல மாநிலங்களில் அநியாய விலையேற்றத்துக்கு எதிரான சட்டங்கள் இருக்கின்றன. ஆனால் அவை புயல், வெள்ளம் போன்ற நெருக்கடிகளில் உணவு, எரிபொருள் போன்ற அவசியப் பொருள்களைக் காப்பதற்காக எழுதப்பட்டவை.

இந்தியாவில் நிலைமை வேறு. உறையில் அச்சிட்ட அதிகபட்ச சில்லறை விலைக்கு மேல் விற்பது இங்கே குற்றம். தமிழ்நாட்டில் 2003 முதல் மதுவின் சில்லறை விற்பனை முழுவதும் அரசின் டாஸ்மாக் கையில் இருக்கிறது. அங்கே கடை ஊழியர் அச்சிட்ட விலையைவிடக் கூட்டி விற்றாலும் விதிமீறல்தான். இந்தப் பழக்கத்தோடு அமெரிக்கக் கடையைப் பார்ப்பவருக்கு அங்கே நடப்பதும் சட்டமீறலாகத் தோன்றலாம். அங்கே சட்டம் தடுப்பது வேறு செயல்களை. விலைபோகாத சரக்கையும் சேர்த்து எடுத்தால்தான் அபூர்வ பீர் தருவேன் என்று விநியோகஸ்தர் கடைக்காரரை நெருக்குவது அவற்றுள் ஒன்று. உரிமம் இல்லாத தனியார் மது விற்பது மற்றொன்று. விலையேற்றத்தைப் பற்றிய கேள்வி அங்கே பெரும்பாலும் சட்டத்துக்கு வெளியே நிற்கிறது. சட்டம் அனுமதிப்பதாலேயே அது அறக்கேள்வி இல்லை என்று ஆகிவிடாது.

நம்பிக்கை 2: அதிக விலை கொடுத்தால் அது பீர் காய்ச்சியவரைச் சென்றடையும்.

உண்மை: மூன்றடுக்கு முறையில் ஆலைக்குக் கிடைப்பது மொத்த விலை மட்டுமே. 15 டாலர் பரிந்துரை விலையுள்ள பாட்டிலைக் கடைக்காரர் 45 டாலருக்கு விற்றாலும், ஏறிய 30 டாலரில் ஆலைக்குப் பங்கில்லை. சிறு கலைஞரை ஆதரிக்கிறோம் என்ற நிறைவோடு பணம் கொடுப்பவர், உண்மையில் ஆதரிப்பது கடையின் லாபத்தைத்தான்.

ஆலையே விலையை உயர்த்தினால் கணக்கு மாறுகிறது. பாஸ்டன் பீர் நிறுவனம் 2002 முதல் வெளியிட்டுவரும் சாமுவேல் ஆடம்ஸ் யூட்டோபியாஸ் பீரில் ஆல்கஹால் அளவு 25 சதவீதத்தையும் தாண்டும். பல ஆண்டுகள் பீப்பாயில் ஊறிய பழைய பீர்களைக் கலந்து செய்யப்படும் அதற்கு ஒரு பாட்டில் 200 டாலருக்கு மேல் என்று நிறுவனமே விலை வைக்கிறது. அந்த விலை அதிகம் என்று ஒருவர் கருதலாம். ஆனால் உழைத்தவரும் காத்திருந்தவரும் கேட்கும் விலை அது. கடைக்காரரின் விலையேற்றத்துக்கு இதே நியாயத்தை இரவல் வாங்க முடியாது. கடைக்காரர் சொல்லக்கூடிய நியாயங்கள் வேறு: குளிர்பதனச் செலவு, விற்காமல் தேங்கும் சரக்கின் நட்டம், பீரைத் தெரிந்த ஊழியர்களின் சம்பளம். இந்தச் செலவுகள் மெய்யானவை. ஆனால் அவற்றில் பெரும்பாலானவை கடையின் எல்லாச் சரக்குக்கும் பொதுவானவை. ஒரே ஒரு பாட்டிலின் மும்மடங்கு விலையை அவற்றால் விளக்கிவிட முடியாது.

நம்பிக்கை 3: அபூர்வம் என்றால் செலவு பிடித்தது, விலை உயர்ந்தது என்றால் தரமானது.

உண்மை: அபூர்வத்தில் இரண்டு வகை உண்டு. முதலாவது, செய்முறையிலேயே பிறப்பது. பிரஸ்ஸல்ஸில் 1900 முதல் இயங்கும் கான்டில்லான் ஆலையின் லாம்பிக் பீர் இதற்குச் சான்று. அங்கே ஈஸ்ட் தனியாகச் சேர்ப்பதில்லை. திறந்த அகன்ற தொட்டியில் இரவெல்லாம் ஆறும் சாற்றில், காற்றிலும் கட்டடத்திலும் வாழும் நுண்ணுயிர்கள் தாமாகவே வந்து இறங்குகின்றன. இதற்குக் குளிர்ந்த இரவுகள் வேண்டும் என்பதால் கோடையில் காய்ச்ச முடியாது. பிறகு ஓராண்டு, ஈராண்டு, மூவாண்டு ஊறிய லாம்பிக்குகளைக் கலந்தால்தான் கூஸ் என்ற பீர் கிடைக்கும். தேவை கூடிவிட்டது என்பதற்காக இதன் அளவை அடுத்த மாதமே கூட்ட வழியில்லை.

இரண்டாவது வகை, அளவும் எல்லையும் சார்ந்தது. வெர்மான்ட் மாநிலத்தின் ஆல்கெமிஸ்ட் ஆலை 2011இல் கேனில் அடைக்கத் தொடங்கிய ஹெடி டாப்பர், ஆலையைச் சுற்றிய பகுதியில் மட்டும் மிதமான விலைக்கு விற்கப்பட்டது. தொலைவில் இருப்பவர்களுக்கு அது கிடைத்தற்கரிய பொருள். உள்ளூர்க்காரருக்கு வார இறுதிச் சரக்கு. பீர் ஒன்றே, அபூர்வம் மட்டும் தூரத்தால் வந்தது.

விலை தரத்துக்கு உறுதி தருவதும் இல்லை. சிகாகோவின் கூஸ் ஐலண்ட் ஆலை வெளியிடும் போர்பன் கவுண்டி ஸ்டவுட்டுக்காக ஒவ்வொரு நவம்பரிலும் கடை வாசலில் வரிசை நிற்கும். 2015ஆம் ஆண்டு வெளியீட்டில் சில தொகுதிகள் லாக்டிக் பாக்டீரியாவால் புளித்துப்போயின. ஆலை பணத்தைத் திருப்பித்தர நேர்ந்தது. காலமும் பகையாகும். ஹாப்ஸ் மணத்தை நம்பியிருக்கும் ஐ.பி.ஏ. வகை, சில வாரங்களிலேயே மணம் குன்றத் தொடங்கிவிடும். வெப்பமும் வெளிச்சமும் அதை விரைவுபடுத்தும். ஐ.பி.ஏ.வுக்கு அதிக விலை வைத்து, அந்த விலையாலேயே மாதக்கணக்கில் அலமாரியில் கிடக்க விடும் கடை, விற்கும்போது கொடுப்பது பெயரைத்தான், பீரை அல்ல. கெட்டியான ஸ்டவுட், பார்லிவைன், கூஸ் போன்றவை முதிர்வைத் தாங்கும். இந்த வேறுபாட்டை வாங்குபவர் அறியாமல் இருக்கலாம். விற்பவர் அறிந்திருக்க வேண்டியவர்.

நம்பிக்கை 4: வாங்க ஆள் இருக்கும் விலை எதுவோ, அதுவே நியாய விலை.

உண்மை: சரக்கு குறைந்து தேவை மிகும்போது விலை ஏறினால், வரிசையும் பதுக்கலும் குறையும் என்பது பொருளியலின் அடிப்படைப் பாடம். அதில் உண்மை உண்டு. ஆனால் சந்தையில் செல்லுபடியாகும் விலையும் நியாயமான விலையும் ஒன்று என்பது அந்தப் பாடத்தில் இல்லாத முடிவு.

13ஆம் நூற்றாண்டில் தாமஸ் அக்வினாஸ் இதே கேள்வியை எடுத்துக்கொண்டார். ஒரு பொருளைப் பிரிவதால் விற்பவருக்கு இழப்பு உண்டென்றால் அந்த இழப்புக்காக விலையைக் கூட்டலாம். வாங்குபவருக்கு அது மிகவும் தேவை என்பதை மட்டும் காரணமாக வைத்துக் கூட்டக் கூடாது என்பது அவர் நிலை. ஏனெனில் வாங்குபவரின் ஆவல் விற்பவருக்குச் சொந்தமான சரக்கு அல்ல.

இன்றைய மக்களின் நியாய உணர்வும் இதற்கு அருகிலேயே நிற்கிறது. டேனியல் கானமன், ஜாக் நெட்ச், ரிச்சர்ட் தேலர் மூவரும் 1986இல் வெளியிட்ட ஆய்வில், பனிப்புயலுக்கு மறுநாள் 15 டாலர் மண்வாரியை 20 டாலராக்கிய கடையைப் பற்றிக் கேட்டார்கள். 82 சதவீதத்தினர் அதை அநியாயம் என்றனர். மொத்த விலை ஏறியதால் கடைக்காரர் விலையை ஏற்றினால் கேட்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் ஏற்றுக்கொண்டனர். கிறிஸ்துமஸுக்கு ஒரு வாரம் முன்பு கிடங்கில் அகப்பட்ட ஒரே பொம்மையைக் கடை ஏலம் விடுவதைப் பெரும்பான்மையினர் அநியாயம் என்றனர். அந்த ஏலப் பணம் யுனிசெஃபுக்குப் போகும் என்றதும் பெரும்பான்மையினர் ஏற்றனர். அதாவது மனிதர்கள் விலையை மட்டும் எடைபோடுவதில்லை. அது ஏன் ஏறியது, யாருக்குப் போகிறது என்பதையும் சேர்த்து எடைபோடுகிறார்கள்.

பீரை வைத்தே தேலர் 1985இல் மற்றொன்றைக் காட்டினார். கடற்கரையில் படுத்திருப்பவருக்கு நண்பர் ஒருவர் போய் பீர் வாங்கிவருகிறார். சொகுசு விடுதியிலிருந்து என்றால் 2.65 டாலர் வரை தரலாம் என்றனர் கேட்கப்பட்டவர்கள். அதே பீர், குடிப்பது அதே மணலில், ஆனால் சிறிய பெட்டிக்கடையிலிருந்து என்றால் 1.50 டாலர்தான் என்றனர். விடுதியின் செலவு பெரிது என்று அவர்கள் எதிர்பார்த்தார்கள். வாடிக்கையாளர் அதிக விலைக்கே எதிரி அல்ல. காரணம் தெரியாத விலைக்குத்தான் எதிரி.

நம்பிக்கை 5: பரிந்துரை விலைக்கே விற்றுவிட்டால் நியாயம் நிலைத்துவிடும்.

உண்மை: விலை குறைவாக இருக்கும்போது பங்கீடு வேறு வழியில் நடக்கும், அந்த வழிக்கும் சாய்வு உண்டு. வரிசை, நேரம் உள்ளவர்களுக்குச் சாதகம். கலிபோர்னியாவின் ரஷ்யன் ரிவர் ஆலை 2005 முதல் ஆண்டுதோறும் வெளியிடும் பிளினி தி யங்கர் பீருக்காக சான்டா ரோசாவில் மக்கள் மணிக்கணக்கில் நிற்கிறார்கள். கூட்டத்தைப் பார்த்து ஆலை தன் விலையை அதற்கேற்ப ஏற்றவில்லை. உள்ளூர்க்காரருக்கும் விடுப்பு எடுக்க முடிந்தவருக்கும் அது நல்ல ஏற்பாடு, நாள்கூலிக்காரருக்கு அல்ல. குலுக்கல், எல்லோருக்கும் சம வாய்ப்பு தருகிறது. அபூர்வ விஸ்கிகளுக்குப் பென்சில்வேனியா மாநில மதுக் கழகம் அதைத்தான் செய்கிறது. ஆளுக்கு ஒரு பாட்டில் என்ற வரம்பு பரவலாகச் சென்றடையும். ஆனால் ஒருவரே பலரை அனுப்பினால் உடையும்.

மிகவும் கேடானது, குறைந்த விலை எழுதிவைத்துவிட்டு, பாட்டிலைக் கல்லாவின் பின்னால் மறைத்து, வேண்டியவர்களுக்கு மட்டும் கொடுப்பது. வெளிப்படையாக எழுதப்பட்ட உயர்ந்த விலை, மறைமுகச் சலுகையைவிட நேர்மையானது. ஆண்டு முழுவதும் வரும் வாடிக்கையாளருக்கு முன்னுரிமை தருவதிலும் தவறில்லை, அந்த விதி எல்லோரும் படிக்கும்படி எழுதப்பட்டிருந்தால்.

நம்பிக்கை 6: காசு கொடுத்து வாங்கியபின் பொருள் வாங்கியவருடையது, எந்த விலைக்கும் விற்கலாம்.

உண்மை: உரிமை கைமாறினாலும், வாங்கும்போது கொடுத்த வாக்கு கைமாறுவதில்லை. பெல்ஜியத்தின் வெஸ்ட்ஃப்ளெட்டரன் ஊரில் உள்ள சிந்த் சிக்ஸ்டஸ் மடத்துத் துறவிகள், தங்கள் வாழ்க்கைக்குத் தேவையான அளவே பீர் காய்ச்சுகிறார்கள். உலகின் மிகச் சிறந்த பீர் என்று 2005இல் பெயர் பெற்ற பிறகும் உற்பத்தியைப் பெருக்கவில்லை. அப்போது முன்பதிவு செய்து, மடத்துக்கே வந்து எடுத்துச் செல்ல வேண்டியிருந்தது. மறுவிற்பனை கூடாது என்பது நிபந்தனை. 2018இல் நெதர்லாந்தின் யான் லிண்டர்ஸ் பல்பொருள் அங்காடி, இடைத்தரகர்கள் வழியாக 300 பெட்டிகள் திரட்டி, மடத்தில் இரண்டு யூரோவுக்கும் குறைவான பாட்டிலை ஏறத்தாழ 10 யூரோவுக்கு விற்றது. துறவிகள் எதிர்ப்புத் தெரிவித்தனர்.  மறுவிற்பனையாளர்களைத் தடுக்க 2019இல் மடம் இணையவழிப் பதிவு முறைக்கு மாறியது.

இங்கே தவறு 10 யூரோ என்ற எண்ணில் இல்லை. 2012இல் இதே மடம், கட்டடப் புதுப்பிப்புப் பணிக்காக, ஆறு பாட்டிலும் இரண்டு கோப்பையும் கொண்ட பெட்டியை அமெரிக்காவில் சுமார் 85 டாலருக்கு விற்க இசைந்தது. பாட்டில் கணக்கில் அது 10 யூரோவுக்கும் அதிகம். குடிப்பவர்கள் மகிழ்ந்து வாங்கினார்கள். ஒன்றில் காய்ச்சியவரின் சம்மதம் இருந்தது. மற்றொன்றில் அவருக்குக் கொடுத்த வாக்கு முறிக்கப்பட்டது. கான்டில்லானும் இதே சிக்கலைச் சந்தித்தது. தன் ஸ்வான்ஸ் பீரின் பாட்டில்கள் இணையத்தில் பல மடங்கு விலைக்குப் போவதைக் கண்டு, 2011இல் அதைப் பீப்பாயாகவே தேர்ந்தெடுத்த மதுக்கூடங்களுக்கு அனுப்பி, ஒரே நாளில் கோப்பையில் ஊற்றச் செய்தது. திறந்து ஊற்றிய பீரைப் பதுக்க முடியாது.

நம்பிக்கை 7: பீர் அத்தியாவசியப் பொருள் அல்ல, ஆகவே இதில் அறம் என்ற பேச்சுக்கே இடமில்லை.

உண்மை: அரிசிக்கும் மருந்துக்கும் பொருந்தும் கடுமையான அளவுகோல் பீருக்குப் பொருந்தாது என்பது சரி. அபூர்வ ஸ்டவுட் கிடைக்காததால் யாரும் பட்டினி கிடப்பதில்லை. விலை பிடிக்காதவர் விலகிப் போகலாம். அதனால்தான் உயர்ந்த விலையை மட்டும் வைத்து ஒரு கடைக்காரரை அநியாயக்காரர் என்று தீர்க்க முடியாது. ஆனால் உண்மை பேசுவதும், வாக்கைக் காப்பதும், அறியாமையைப் பயன்படுத்தாமல் இருப்பதும் எல்லாச் சரக்குக்கும் பொதுவான கடமைகள். ஆடம்பரப் பொருள் விற்பவருக்கு இவற்றிலிருந்து விலக்கு கிடையாது.

இந்தக் கடமைகளை நடைமுறையில் சோதிக்கலாம். விலை அலமாரியிலேயே எல்லோருக்கும் ஒன்றாக எழுதப்பட்டிருக்க வேண்டும். ஆளைப் பார்த்து மாறக் கூடாது. பீர் அடைக்கப்பட்ட நாள் வாங்குபவர் கண்ணில் பட வேண்டும். அது குளிரில் வைக்கப்பட்டதா என்று கேட்டால் மெய்யான பதில் கிடைக்க வேண்டும். ஆலையோ மடமோ விதித்த நிபந்தனையை ஏற்றுச் சரக்கு எடுத்திருந்தால் அதன்படி நடக்க வேண்டும். அபூர்வ பாட்டிலோடு விற்காத சரக்கை வாடிக்கையாளர் தலையில் கட்டக் கூடாது. ஏறிய விலைக்குக் காரணம் கேட்டால், பூசி மெழுகாமல் சொல்ல முடிய வேண்டும். அந்தக் காரணம் வெறும் லாபம்தான் என்றாலும் அதைச் சொல்லிவிடுவது பொய்க் காரணம் காட்டுவதைவிட மேல். இவற்றை நிறைவேற்றும் கடை உயர்ந்த விலை வைத்தாலும் வாங்குபவரை ஏமாற்றவில்லை. இவற்றில் ஒன்றை மீறும் கடை, பரிந்துரை விலைக்கே விற்றாலும் நியாயமாக விற்றதாகாது.