இரும்புக்கை மாயாவியும் 230 வோல்ட்டும்

ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டவுடனே நம்ம டிபார்ட்மெண்டில் பாதிப் பேர் டிரான்ஸ்பார்மர் பற்றியும் மீதிப் பேர் சோலார் பற்றியும் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். நான் காமிக்ஸ் பற்றி எழுதுகிறேன். சிரிக்காதீர்கள். இதிலும் ஓம் விதி வருகிறது.

எங்கள் ஊர் வடகரை. அடவிநயினார் அணைக்குப் போகிற வழி. அப்பாவுக்குத் தென்னந்தோப்பில் வேலை, அம்மா பீடி சுற்றுகிறாள். எங்கள் வீட்டில் புத்தகம் என்று இருந்தது ரேஷன் கார்டும் பீடிக் கம்பெனி பாஸ் புக்கும்தான். மற்றதெல்லாம் மாமாவின் தகரப் பெட்டிக்குள் இருந்தது. மாமா என்றால் அம்மாவின் அண்ணன். எட்டாம் வகுப்போடு நின்று அரிசி ஆலை வேலைக்குப் போனவர். பத்தொன்பது வயதில் பெல்ட்டில் கை சிக்கி, வலது கையில் கட்டைவிரல் தவிர நான்கு விரலும் போய்விட்டது. அந்தப் பெட்டி நிறையப் பழைய முத்து காமிக்ஸ், லயன் காமிக்ஸ், ராணி காமிக்ஸ்.

போன வருடம் குற்றாலம் சீசன் சமயத்தில் வெளியூர்க்காரர் ஒருவர் பழைய காமிக்ஸ் தேடி எங்கள் தெரு வரைக்கும் வந்துவிட்டார். சில புத்தகங்களுக்கு ஒன்றுக்கே ஆயிரம் ரூபாய் தருகிறேன் என்றார். எடைக்குப் போட வேண்டியதுதான் என்று அம்மா நினைத்திருந்த சாமான்! எனக்கோ ஃபீஸ் கட்டக் கடைசி நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. மாமா யோசிக்கவே இல்லை. "ஃபீஸுக்கு ஆகும்னா குடுத்துரு மருமவனே" என்றார். நான்தான், "பத்து நாள் பொறுங்க மாமா, வாசிச்சுட்டுக் குடுக்கேன்" என்றேன். அப்படி வாசித்ததன் விளைவு இக்கட்டுரை.

முதலில் கொஞ்சம் சரித்திரம். முத்து காமிக்ஸ் 1972இல் சிவகாசியில் ஆரம்பிக்கப்பட்டது. ஆரம்பித்தவர் எம். சௌந்தரபாண்டியன். முதல் இதழே 'இரும்புக்கை மாயாவி'. 1984இல் அவர் மகன் எஸ். விஜயன் லயன் காமிக்ஸைத் தொடங்கினார். அப்போது அவருக்கு இருபது வயதுகூட ஆகவில்லை, அதாவது நம்ம செட்! அதே 1984இல் தினத்தந்திக் குழுமத்திலிருந்து ராணி காமிக்ஸ் வந்தது. அது 2005 வரை வந்து நின்றுவிட்டது. முத்துவும் லயனும் நடுவில் தடுமாறி 2012இல் புதுத் தெம்போடு எழுந்தன. தென்காசியில் விருதுநகர் ரயில் ஏறினால் வழியில்தான் சிவகாசி. பட்டாசும் காலண்டரும் மட்டுமல்ல, நம் மாமாக்கள் வாசித்த லண்டனும் நியூயார்க்கும் அந்த ஸ்டேஷனில் இருந்துதான் வந்திருக்கின்றன.

மாயாவி தமிழன் இல்லை. இங்கிலாந்தில் 'வேலியன்ட்' என்ற வாரப் பத்திரிகையில் 1962இல் 'ஸ்டீல் க்ளா' என்ற பெயரில் பிறந்தவன். படம் போட்டவர் ஸ்பெயின்காரர், ஹெசூஸ் பிளாஸ்கோ. வாரம் சில பக்கம்தான் வரும். அடுத்த வாரமும் காசு கொடுத்து வாங்க வைக்க வேண்டுமே, அதனால் கடைசிக் கட்டத்தில் ஏதாவது ஆபத்தில் கொண்டு நிறுத்திவிடுவார்கள். தமிழில் எல்லா வாரத்தையும் சேர்த்து ஒரே புத்தகமாகப் போடும்போது, சில பக்கத்துக்கு ஒருமுறை யாராவது மாடியிலிருந்து விழுகிறார்கள்! நமக்குக் காரணம் புரியாது. 'என்ன வேகம்' என்று மட்டும் தோன்றும். காரணம் தெரிந்தபிறகு எனக்கு அந்த வேகம் கொஞ்சம் அலுத்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

படம் அலுக்கவில்லை. கறுப்பு மையை வைத்தே மழை, புகை, இருட்டு எல்லாம் கொண்டுவந்திருக்கிறார். கண்ணுக்குத் தெரியாத மனிதனை எப்படி வரைவது? அதற்குத்தான் அந்த இரும்புக்கை. ஆள் மறைந்தாலும் கை மட்டும் மறையாது. காற்றில் ஒரு கை மிதந்து வந்து கதவைத் திறக்கும். கதைக்கு அது பலவீனம், படத்துக்கு அதுதான் உயிர்.

கதை இது: லூயிஸ் கிராண்டல் என்பவன் ஒரு விஞ்ஞானியின் உதவியாளன். விபத்தில் வலது கையை இழந்து இரும்புக்கை மாட்டிக்கொள்கிறான். அப்புறம் ஆய்வகத்தில் உயர் மின்னழுத்தம் தாக்க, உடம்பு மறைந்துபோகிறது. மறைந்தவன் நல்லவனாகவா ஆகிறான்? இல்லை, திருடக் கிளம்புகிறான். பிறகுதான் திருந்தி நிழற்படையில் சேர்ந்து உளவு வேலை பார்க்கிறான். பிந்தைய கதைகளில் அவன் வெறும் நல்லவன். விரலுக்குள் துப்பாக்கி, ரேடியோ என்று கருவிகள் கூடக்கூட ஆள் குறைந்துபோகிறான். கோபக்காரனாக, கை போன ஆத்திரத்தோடு திரிகிற ஆரம்பகால மாயாவிதான் எனக்குப் பிடித்தவன். மாமாவிடம் சொன்னேன். "கை போனா அப்படித்தாம்ல இருக்கும், எவன் மூஞ்சியையும் பாக்கப் பிடிக்காது" என்றார். விபத்து பற்றி அவர் என்னிடம் பேசியது அதுதான் முதல் தடவை.

இனி நம்ம பாடத்துக்கு வருவோம். மாயாவிக்குச் சக்தி தீர்ந்தால் பிளக் பாயிண்டில் விரலை விடுவான், மறைவான். நாம் விட்டால்? ஈரமான உடம்பின் மின்தடையைத் தோராயமாக 1000 ஓம் என்று வைத்துக்கொள்வோம். 230ஐ 1000ஆல் வகுத்தால் 0.23 ஆம்பியர், அதாவது 230 மில்லி ஆம்பியர். நம் லேபில் மாட்டியிருக்கும் ஆர்.சி.சி.பி. 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே விழுந்துவிடும், ஏனென்றால் அதற்கு மேல் நெஞ்சு வழியாகப் போனால் இதயத் துடிப்பே குழம்பிவிடலாம். ஆக, மறைவது உண்மைதான், ஆனால் திரும்பி வரமாட்டோம்!

சரி, அவனுக்கு ஒன்றும் ஆகாது என்றே வைப்போம். சார்ஜ் எங்கே நிற்கும்? ஏசி மின்சாரம் நொடிக்கு 50 முறை சுற்றி வருகிறது, நிரப்பிய அடுத்த கணமே உருவிக்கொண்டு போய்விடும். டிசி என்றாலும், மனித உடம்பின் மின்தேக்குத் திறன் சுமார் 100 பிக்கோ ஃபாரடுதான். அரை சி வி ஸ்கொயர் போட்டுப் பாருங்கள், 2.6 மைக்ரோ ஜூல் வரும். 5 வாட் எல்.இ.டி. பல்பு ஒரு நொடியில் இருபது லட்சத்தில் ஒரு பங்கு நேரம் எரியலாம். இதை வைத்துக்கொண்டு நிழற்படையில் எப்படி வேலை பார்ப்பது?

மறைவதிலும் ஒரு கோளாறு இருக்கிறது. ஒளி தடையில்லாமல் உடம்புக்குள் புகுந்து வெளியேறினால்தான் ஆள் தெரியமாட்டான். விழித்திரையும் உடம்புதானே! அதில் ஒளி நிற்காவிட்டால் பார்வை ஏது? மாயாவி மறைந்த நிமிஷமே குருடாகியிருப்பான். இது 1897இல் ஹெச்.ஜி. வெல்ஸ் எழுதிய கண்ணுக்குத் தெரியாத மனிதனுக்கும் பொருந்தும்.

தமிழில் நேராக எழுதிய விஞ்ஞானக் கதையும் பெட்டியில் ஒன்று கிடந்தது. 1986இல் வந்த 'விக்ரம்' படத்தின் கதையை சுஜாதா குமுதத்தில் தொடராக எழுதினார், படத்தின் ஸ்டில்களோடு. மாமா அதை வாராவாரம் கிழித்து எடுத்து பைண்டு பண்ணி வைத்திருக்கிறார், நடுவில் இரண்டு வாரம் இல்லை. அதில் களவு போகும் ராக்கெட்டின் பெயர் அக்னிபுத்ரன். மூன்று வருஷம் கழித்து, 1989இல், நிஜமாகவே நம் நாடு அக்னி ஏவுகணையைச் செலுத்திப் பார்த்தது. சிவகாசி வழியாக வந்த இங்கிலாந்துக் கதையைவிட இதில் கணக்கு சரியாக இருக்கிறது. ஆனால் மாமா திரும்பத் திரும்பப் புரட்டியது மாயாவியைத்தான் என்பது தாளின் ஓரங்களைப் பார்த்தாலே தெரிகிறது.

கணக்கெல்லாம் போட்டு மாமாவிடம் காட்டினேன். கதையில் எல்லாமே தப்பு என்று கொஞ்சம் பெருமையாகத்தான் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "அந்தக் கை மட்டும் எப்படிலே அசையும்? அதச் சொல்லு" என்றார்.

அதற்கு எனக்குப் பதில் தெரியவில்லை. லைப்ரரியில் தேடித்தான் படித்தேன். செயற்கைக் கை நிஜமாகவே மின்சாரத்தில் அசைகிறது, ஆனால் பிளக் பாயிண்ட் மின்சாரம் சொல்லி அல்ல. தசை சுருங்கும்போது அதிலேயே சின்ன மின்னழுத்தம் உண்டாகிறது, தோலின் மேல் அளந்தால் சில மில்லி வோல்ட். மின்முனைகளை ஒட்டி அதைப் பிடித்து, ஆம்ப்ளிஃபையரில் பெரிதாக்கி, இரைச்சலை வடிகட்டி, மோட்டாரை ஓடவிடுகிறார்கள். மோட்டாருக்கு பேட்டரி, உத்தரவு உடம்புடையது. கதைக்காரர் 230 வோல்ட்டை உள்ளே அனுப்பினார். விஷயம் வெளியே வருகிற மில்லி வோல்ட்டில் இருந்திருக்கிறது. இன்னொன்றும் தெரிந்துகொண்டேன். விரலை மடக்குகிற பெரிய தசைகள் விரலில் இல்லை, முழங்கைக்குக் கீழே இருக்கின்றன. விரல் போனாலும் அவை போவதில்லை.

பத்து நாள் முடிந்து அவர் வந்தார். ராணி காமிக்ஸ் முழுவதையும், லயனில் பாதியையும் கொடுத்தேன். ஃபீஸ் கட்டியாயிற்று. மாயாவி ஆறு புத்தகம் இருக்கிறது. அதற்குத்தான் அவர் அதிக விலை சொன்னார். அம்மாவுக்கு அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது.

அன்று ராத்திரி திண்ணையில் மாமாவின் வலது முன்கையைப் பிடித்துக்கொண்டு, "இல்லாத விரலை மடக்குங்க மாமா" என்றேன். முதலில் கோபப்பட்டார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு மடக்கினார். என் உள்ளங்கைக்குக் கீழே தசை புரண்டது. "இன்னொரு தடவை" என்றேன். மறுபடியும் புரண்டது. நடுவிரல் தனியாகவும் சுண்டுவிரல் தனியாகவும் வேறு வேறு இடத்தில்.

கடைசி வருஷ ப்ராஜெக்டுக்கு என்ன தலைப்பு என்று எங்கள் சார் கேட்டிருக்கிறார். மின்முனை, ஆம்ப்ளிஃபையர், சின்ன மோட்டார் நான்கு வேண்டும். எலெக்ட்ரானிக்ஸ் டிபார்ட்மெண்ட் நண்பர்கள் யாராவது சேருகிறீர்களா? சனி, ஞாயிறு வடகரைக்கு வர வேண்டியிருக்கும். மாமா கை நீட்டத் தயார் என்கிறார்.

— இரண்டாம் ஆண்டு, மின்னியல் துறை