ஸ்பைரல் பைப்: அழுத்தம் வேறு, வெப்பம் வேறு

எஃகுக் காயிலைச் சுருளாகச் சுற்றி வெல்டிங் செய்த ஸ்பைரல் பைப் என்றதுமே ‘குடிநீருக்கும் பைலிங்குக்கும்தான் ஆகும்’ என்று ஒதுக்குவார் ஒரு பொறியாளர். ‘நூறு பாரையே தாங்குகிறது, நீராவி எம்மாத்திரம்?’ என்பார் இன்னொருவர். முன்னவரால் பணம்தான் வீண். பின்னவரால் உயிரே போகலாம்.

நம்பிக்கை: உயர் அழுத்தத்துக்கு ஸ்பைரல் பைப் உதவாது.

சீனாவின் மேற்கு–கிழக்கு எரிவாயுத் திட்டத்தில் இரண்டாவது குழாய்ப்பாதை கசகஸ்தான் எல்லையிலுள்ள கோர்கோஸில் தொடங்குகிறது. அதன் மேற்குப் பகுதி 120 பார் அழுத்தத்துக்காக வடிவமைக்கப்பட்டது. பைப்பின் விட்டம் 1219 மி.மீ., தடிமன் 18.4 மி.மீ., எஃகு எக்ஸ்80 தரம். அங்கே பெருமளவில் பதித்தது ஸ்பைரல் பைப்பைத்தான். எண்ணெய், எரிவாயுக் குழாய்களுக்கான ஏபிஐ 5எல் தரநிலையும் இதை ஏற்கிறது. வெல்டிங்கே இல்லாத சீம்லெஸ்தான் வேண்டும் என்று அடம்பிடிப்பவருக்கு இந்த விட்டத்தில் பைப் கிடைப்பதே அரிது.

நம்பிக்கை: வெல்டிங் நீளம் கூடினால் பலம் குறையும்.

நீளம் கூடுவது உண்மை. வெல்டிங் 45 டிகிரி சாய்ந்தால், 12 மீட்டர் பைப்பில் அது 17 மீட்டர் ஓடும். ஆனால் உள்ளழுத்தம் பைப்பின் சுவரைச் சுற்றுவாக்கில் இழுப்பது, நீளவாக்கில் இழுப்பதைப் போல் இரு மடங்கு. நேராக ஓடும் வெல்டிங் அந்தப் பெரிய இழுவை முழுவதையும் குறுக்கே வாங்கிக்கொள்கிறது. 45 டிகிரி சாய்ந்ததோ முக்கால் பங்கைத்தான் குறுக்கே வாங்கும். கூடவே கொஞ்சம் சறுக்குவிசையும் வரும், அவ்வளவுதான். தொழிற்சாலைக் குழாய்களுக்கான ஏஎஸ்எம்இ பி31.3 விதியும், உள்ளும் புறமும் வெல்டிங் செய்த பைப்பில் நேர், சுருள் என்று பேதம் பார்ப்பதில்லை. கூடுதல் எக்ஸ்ரே சோதனை இல்லாவிட்டால் வெல்டிங்கின் பலத்தைப் பொதுவாக 0.85 என்றும், முழு நீளமும் சோதித்தால் 1.00 என்றும் கணக்கிடும்.

ஸ்பைரலுக்கென்று குறைகள் இல்லாமல் இல்லை. காயிலைச் சுருட்டும்போது இரும்புக்குள் தங்கிவிடும் இழுவிசை, விளிம்புகள் ஒன்றுக்கொன்று ஏறி இறங்கி நிற்பது, வட்டம் பிசகுவது. இவை ஆலையின் ஒழுங்கைப் பொறுத்தவை. குறைகூற விரும்புகிறவர் நீளத்தை விட்டுவிட்டு இவற்றைக் கேட்கலாம்.

நம்பிக்கை: 120 பார் தாங்கும் பைப் 40 பார் நீராவியைத் தாங்காதா?

1985 ஜூன் 9 அன்று அமெரிக்காவின் நெவாடாவில், மொஹாவே அனல் மின்நிலையத்தின் மறுசூடாக்க நீராவிக் குழாய் வெடித்து 6 பேர் இறந்தார்கள். உள்ளே இருந்தது ஏறத்தாழ 41 பார்தான். ஆனால் வெப்பநிலை சுமார் 538 டிகிரி செல்சியஸ். அது ஸ்பைரல் பைப் அல்ல, நேர் வெல்டிங் போட்ட குரோமியம்-மாலிப்டினம் எஃகு. பிளந்தது வெல்டிங் ஓடிய வழியே.

அந்தச் சூட்டில் எஃகு மாறாத சுமையிலும் ஆண்டுக்கணக்கில் மெல்ல மெல்ல நீளும். இதற்கு ‘கிரீப்’ என்று பெயர். வெல்டிங்கும் அதையொட்டிய பகுதியும் பைப்பின் மற்ற உடம்பைவிட முந்திக்கொண்டு தளரும், உள்ளுக்குள் நுண்துளைகள் விழுந்து விரிசலாகும். இதனால்தான் பி31.3, இவ்வகை எஃகின் நேர், சுருள் வெல்டிங்குகள் இரண்டுக்குமே 538 டிகிரியில் பலத்தை 0.82 ஆகக் குறைத்துக் கணக்கிடச் சொல்கிறது. ஸ்பைரல் பைப் பெரும்பாலும் கார்பன் எஃகுக் காயிலில் உருவாவது. 427 டிகிரிக்கு மேல் நெடுநாள் வைத்தால் கார்பன் எஃகுக்குள் கிராஃபைட் பிரியத் தொடங்கும். எக்ஸ்80 எஃகின் பலமோ உருட்டாலையில் வெப்பத்தைக் கட்டுப்படுத்திப் பெற்றது. மறுபடி கடுமையாகச் சூடேற்றினால் அது கரைந்துபோகும். சீன நகரங்களில் வீடுகளைச் சூடேற்றும் 130 டிகிரி வெந்நீர் ஸ்பைரல் பைப்பில்தான் ஓடுகிறது. அதில் பிரச்சினை இல்லை. பாய்லரிலிருந்து டர்பைனுக்குப் போகும் நீராவி வேறு உலகம், அங்கே பெரும்பாலும் கனத்த சீம்லெஸ் அலாய் எஃகைத்தான் நம்புகிறார்கள்.

நம்பிக்கை: ஹைட்ரோ டெஸ்டில் தேறிவிட்டது, இனி எதற்கும் போடலாம்.

அந்த அழுத்தச் சோதனை நடப்பது குளிர்ந்த தண்ணீரில், ஒருசில நொடிகளோ நிமிடங்களோ. கசிவும் பெரிய குறையும் தெரியும். பத்தாண்டுச் சூடு என்ன செய்யும் என்பது தெரியாது.

நம்பிக்கை: ஸ்பைரல் எல்லாம் ஒரே ஸ்பைரல்தான்.

ஏஎஸ்டிஎம் ஏ252 பைப் பூமியில் அறைவதற்கான பைலிங் பைப், உள்ளழுத்தம் அதன் கணக்கிலேயே இல்லை. யார்டில் அது ஏபிஐ 5எல் பைப்புக்குப் பக்கத்தில் கிடந்தால் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது, விலையில்தான் தெரியும். மலிவாகக் கிடைக்கிறதே என்று லாரியில் ஏற்றுவதற்கு முன் ஆலைச் சான்றிதழை வாங்கி, அதிலுள்ள ஹீட் நம்பர் (எஃகை உருக்கிய தொகுதியின் எண்) பைப்பின் மேல் எழுதிய நம்பரோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்கவேண்டும்.