கடல் கடந்து வரும் பணமும் அதன் கூலியும்

அகப்பொருள் இலக்கணம் வகுத்த ஆசிரியர், தலைவன் தலைவியை விட்டுப் பிரியும் பிரிவுகளுள் பொருள்வயிற் பிரிவு என்பதொன்றை எண்ணி வைத்தனர். பாலையின் வெம்மையைக் கடந்து சென்ற தலைவன், வேண்டிய பொருளை ஈட்டியதும் அதனைத் தன் கையொடு கொண்டு இல்லம் மீளுவான். பொருளும் ஆளும் ஒருங்கே வந்து சேர்தலின், அப்பொருளைக் கொணருங் கூலி யாது என்னும் வினா ஆண்டு எழுந்ததில்லை. இக்காலத்துப் பொருள்வயிற் பிரிவோ வேறு வகைத்து. ஆள் சிங்கப்பூரிலேயே இருக்கின்றார். அவர் ஈட்டிய பொருள் மட்டும் திங்கள்தோறும் தஞ்சைக்கும் புதுக்கோட்டைக்கும் இராமநாதபுரத்துக்கும் வந்து சேருகின்றது. எம்முடன் பயிலும் மாணவர் சிலர்க்குக் கல்லூரிச் சம்பளமே அவ்வழியாகத்தான் வருகின்றது. தந்தையார் கொடுத்த வெள்ளி எத்துணை, இங்கு வந்திறங்கிய ரூபாய் எத்துணை, இடையிற் கழிந்தது எத்துணை என்று அவர்களுட் பலர் ஒருநாளும் கேட்டதில்லை. அதற்குக் காரணம் கணக்கறியாமை அன்று. கழிவானது கண்ணுக்குப் புலப்படாதவாறு அமைந்திருத்தலேயாம். அதனைப் புலப்படுத்தலே ஈண்டு யாம் மேற்கொண்ட பணி. சிங்கப்பூர்த் தமிழர் தம் நாட்டு டாலரை வெள்ளி என்றே வழங்குவர். யாமும் அவ்வாறே வழங்குவோம்.

இக்கழிவு சிறிதென்று எண்ணற்க. 2022-ஆம் ஆண்டில் அயல்நாடுகளிலிருந்து இந்தியாவுக்கு இவ்வாறு வந்த தொகை 10,000 கோடி அமெரிக்க டாலரைக் கடந்தது. ஐக்கிய நாடுகள் அவை 2015-இல் வகுத்த குறிக்கோள்களுள், புலம்பெயர்ந்தோர் வீட்டுக்கனுப்பும் பணத்தின் செலவை 2030-க்குள் நூற்றுக்கு மூன்றிற்கும் கீழாகக் குறைத்தல் என்பதும் ஒன்று. 200 அமெரிக்க டாலர் அனுப்புவதற்கு ஆகும் செலவின் உலகச் சராசரி 2024-இலும் நூற்றுக்கு ஆறுக்கு மேலாகவே இருந்ததென உலக வங்கியின் கணக்குக் காட்டுகின்றது. சிங்கப்பூர் இவ்வகையிற் செலவு குறைந்த நாடுகளுள் ஒன்றென்பது உண்மையே. ஆயினும் சராசரியென்பது அரசினர்க்குப் பயன்படுவதேயன்றி, மாதக் கடைசியில் ஒரு கடைவாயிலில் நிற்பவர்க்குப் பயன்படுவதன்று.

முதற்கண் ஒன்று தெளிதல் வேண்டும். பணம் கடலைக் கடப்பதே இல்லை, கணக்குத்தான் கடக்கின்றது. இதனை நன்குணர்ந்து தொழில் நடத்தியவர் நாட்டுக்கோட்டை நகரத்தார். இரங்கூனிலும் பினாங்கிலும் கொழும்பிலும் கடை வைத்திருந்த அவர்களிடம் ஒருவர் பணத்தைக் கட்டி உண்டியல் பெற்று அனுப்பின், அதனைத் தமிழ்நாட்டில் உரிய கடையிற் காட்டிப் பணம் பெறலாம். கண்டவுடன் கொடுக்கத்தக்க உண்டியலும் உண்டு. தவணை கழித்துக் கொடுக்கத்தக்கதும் உண்டு. இரங்கூனிற் கட்டிய பணம் இரங்கூனிலேயே தொழிலுக்குச் சென்றது; இங்குக் கொடுத்த பணம் இங்கிருந்த பெட்டியிலிருந்தே எடுக்கப்பட்டது. இரு கடையாரும் தம்முட் கணக்கை நேர்செய்து கொண்டனர். (இந்நாளில் உண்டியல் என்றவுடன் கோயிற் காணிக்கைப் பெட்டியும் குழந்தைகள் காசு சேர்க்கும் மண்கலமுமே எம்மனோர் நினைவுக்கு வருகின்றன. ஒரு சொல் தன் வாணிகப் பொருளை இங்ஙனம் இழந்தவாறு தனியே ஆராயத்தக்கது.) எம்.சி.டி.எம். சிதம்பரம் செட்டியார் 1937-இல் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியை நிறுவியபோது காரைக்குடி, சென்னை, இரங்கூன் ஆகிய மூவிடத்தும் ஒரே நாளிற் கிளை திறந்தார் என்பதைக் காணுங்கால், வங்கியும் அப்பழைய வழியிலேயே கால் வைத்தது என்பது விளங்கும்.

இன்றுள்ள வழிகளும் அடிப்படையில் அவைபோல்வனவே. வங்கியினின்று வங்கிக்கு அனுப்புவதைத் தந்தி மாற்று என்று இன்றும் சொல்லுகின்றனர். இந்தியாவில் தந்திச் சேவை 2013-இலேயே நின்றுவிட்டது, பெயர்மட்டும் நிலைத்தது. இப்பொழுது அச்செய்தியைக் கொண்டு செல்வது, 1973-இல் பெல்ஜியத்தில் வங்கிகள் கூடி அமைத்த ஸ்விஃப்ட் என்னும் அமைப்பு. அது செய்தியை மட்டுமே சுமக்கும், பணத்தைச் சுமவாது. அனுப்பும் வங்கிக்கும் பெறும் வங்கிக்கும் நேரே கணக்கில்லையாயின், இருவர்க்கும் கணக்குள்ள மூன்றாம் வங்கியொன்று இடையே நிற்கும்; அது தன் கூலியைத் தொகையிலிருந்தே எடுத்துக் கொள்ளும். கூலி முழுதும் அனுப்புவோரைச் சாருமா, பெறுவோரைச் சாருமா, இருவரும் பகிர்வரா என்பதற்கு விண்ணப்பத் தாளில் ஓரிடம் விட்டிருப்பார்கள். அதனை நோக்காது கையெழுத்திடுவோரே மிகுதி.

அடுத்தது, சிராங்கூன் சாலையையொட்டி ஞாயிறுதோறும் தொழிலாளர் வரிசையில் நிற்கும் பணம் அனுப்பும் நிலையங்கள். இவற்றுட் பல இப்பொழுது கைப்பேசிச் செயலியாகவும் இயங்குகின்றன. அயல்நாட்டு நிலையமொன்று இந்திய வங்கியொன்றில் ரூபாயை முன்னதாகவே இருப்பு வைத்து, ஆண்டு வெள்ளி வாங்கியதும் ஈண்டு அவ்விருப்பிலிருந்து வழங்குதற்கு இந்திய ரிசர்வ் வங்கி முறை வகுத்துள்ளது. நகரத்தார் கடைக்கும் இதற்கும் உள்ள உறவு சொல்லாமலே விளங்கும். வங்கிக் கணக்கில்லாதார்க்கு ரொக்கமாகவே வழங்கும் நிறுவனங்களும் உண்டு. அம்முறையில் ஒருமுறைக்கு 2,500 அமெரிக்க டாலரும், ஒருவர்க்கு ஆண்டொன்றில் முப்பது முறையுமே எல்லை. ரொக்கமாகப் பெறுதல் 50,000 ரூபாய் வரையே. கணக்குடையோர் அவ்வழியை நாடுதற்குக் காரணம் ஒன்றும் யாம் காணவில்லை.

மூன்றாவது, 2023 பிப்ரவரி 21-இல் தொடங்கியது. சிங்கப்பூரின் பேநவ் என்னும் முறையும் நம் நாட்டு யு.பி.ஐ. முறையும் அன்று இணைக்கப்பட்டன. சிங்கப்பூரிற் கணக்குடையவர் இங்குள்ளவரின் யு.பி.ஐ. முகவரியைக் கொண்டே பணம் விடுக்கலாம், நொடிப்பொழுதிற் சேரும். தொடக்கத்தில் நாளொன்றுக்கு 60,000 ரூபாய் எல்லையாக இருந்தது. இங்குப் பணம் பெறுதற்குரிய முதல் ஆறு வங்கிகளுள் இந்தியன் வங்கியும் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியும் இருந்தன என்பது தமிழர்க்கு மகிழ்ச்சி தருவது. பின்னர் வேறு பல வங்கிகளும் சேர்ந்தன. எனினும் விரைவு வேறு, மலிவு வேறு. வெள்ளியை என்ன விகிதத்தில் ரூபாயாக்குகின்றனர் என்னும் வினா இவ்வழியிலும் நின்றே தீரும்.

இனிக் கணக்கிற்கு வருவோம். பின்வரும் விகிதங்கள் விளக்கத்தின்பொருட்டு யாம் கற்பித்துக் கொண்டவை. சந்தையில் ஒரு வெள்ளி 65 ரூபாய் என்க. 1,000 வெள்ளி உடையார் ஒருவர் முன் மூன்று வாயில்கள் உள. முதல் நிலையம் 5 வெள்ளி கூலி வாங்கி, வெள்ளிக்கு 64.80 ரூபாய் தருகின்றது. இரண்டாம் நிலையம் ‘கூலி இல்லை’ என்று பெரிய எழுத்தில் எழுதி, வெள்ளிக்கு 63.70 ரூபாய் தருகின்றது. வங்கியோ 25 வெள்ளி வாங்கி 64.50 விகிதத்தில் மாற்றுகின்றது. இடைநின்ற வங்கி 15 வெள்ளி எடுத்துக் கொள்ளுகின்றது. முதல் வாயிலில் 64,476 ரூபாய் வீடு சேரும். இரண்டாவதில் 63,700 ரூபாய். வங்கியில் 61,920 ரூபாய். கூலியே இல்லை என்ற நிலையம் உண்மையில் 1,300 ரூபாய் கூலி கொண்டது. ஐந்து வெள்ளி கேட்ட நிலையமோ எல்லாம் சேர்த்து 524 ரூபாயே கொண்டது. கூலி இருவகையாற் கொள்ளப்படும்: ஒன்று சீட்டில் எழுதிக் கொள்வது, மற்றொன்று செலாவணி விகிதத்துள் ஒளித்துக் கொள்வது. ஆகலின், கூலி எவ்வளவு என்று கேட்பதும், விகிதம் எவ்வளவு என்று கேட்பதும் தனித்தனியே பயனற்ற கேள்விகள். ‘நான் என் கையிலிருந்து இத்தனை வெள்ளி கொடுத்தால், அங்கே கணக்கில் எத்தனை ரூபாய் விழும்?’ என்னும் ஒரே கேள்வியைக் கேட்டு, விழும் ரூபாயைக் கொடுக்கும் வெள்ளியால் வகுத்தல் வேண்டும். மேலைக் கணக்கில் அவ்வெண் முறையே 64.48, 63.70, 61.92 எனக் கிடைக்கும். பெரிய எண் உடையது எதுவோ அதுவே மலிந்த வழி.

இவ்வளவிற் கணக்கு முடிந்துவிடின் எளிதாயிருக்கும். அனுப்புந் தொகை சுருங்குமாயின் நிலை தலைகீழாகின்றது. அதே நிலையங்களில் 200 வெள்ளியை மட்டும் அனுப்பிப் பார்க்க. முதலாவதில் 12,636 ரூபாயும், ‘கூலி இல்லாத’ இரண்டாவதில் 12,740 ரூபாயும் சேரும். ஐந்து வெள்ளி என்னும் மாறாக் கூலி, சிறிய தொகையின்மேல் ஏறி அமர்ந்து பெருஞ்சுமை ஆகின்றது. மேலைக் கணக்கின்படி ஏறத்தாழ 295 வெள்ளிக்குக் கீழ் இரண்டாம் நிலையமும், அதற்கு மேல் முதல் நிலையமும் நன்மை பயக்கும். ஆதலால் ‘இந்தக் கடையே மலிவு’ என்று நண்பர் ஒருவர் சொன்னதைக் கொண்டு ஆண்டுக்கணக்கில் ஒரே வாயிலில் நிற்றல் தகாது. அந்நண்பர் அனுப்புந் தொகை வேறாயிருக்கலாம்.

அங்ஙனமாயின், திங்கள்தோறும் சிறுகச் சிறுக அனுப்பாது சேர்த்துவைத்து அனுப்புதல் நன்றன்றோ என்பர். அறிவுடையோர் பலரும் கூறும் அறிவுரை இதுவே. யாம் இதனை முழுதும் உடன்படோம். சிங்கப்பூர் செல்லும் தொழிலாளர் பலர், முகவர்க்குக் கொடுத்தற்பொருட்டு ஊரிற் கடன்பட்டே கப்பலேறிய அக்காலத்தைப்போல, இக்காலத்தும் கடன்பட்டே வானூர்தி ஏறுகின்றனர். அவருள் ஒருவர் திங்களுக்கு 200 வெள்ளி மிச்சம் பிடிக்கின்றார் என்க. இரு திங்கட்கும் சேர்த்து 400 வெள்ளியை முதல் நிலையத்தின் வழி விடுத்தால் 25,596 ரூபாய் வரும். திங்கள்தோறும் இரண்டாம் நிலையத்தின் வழி விடுத்தால் இருமுறையும் கூடி 25,480 ரூபாய் வரும். சேர்த்தனுப்பியதன் ஆதாயம் 116 ரூபாய். ஆனால் முதற்றிங்களில் வந்திருக்கவேண்டிய 12,740 ரூபாய் ஒரு திங்கள் பிந்தியது. ஊர்க்கடனுக்கு நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டியாயின் அப்பிந்துதலின் விலை 127 ரூபாய். மூன்று ரூபாய் வட்டியாயின் 382 ரூபாய். கூலியில் 116 காத்து வட்டியில் 382 இழத்தல் என்ன சிக்கனம்? கடனுள்ள வீட்டிற்குப் பணம் விரைந்து சேர்தலே மலிவு. கடன் தீர்ந்த பின்னரே சேர்த்தனுப்புதல் பொருந்தும். நூற்றுக்கு மூன்று வட்டி வாங்குவோரைப்பற்றி யாம் சொல்லக்கூடியது வேறு. அது இக்கட்டுரையில் அடங்காது.

மற்றொரு வழியும் உண்டு. அதனை மறைத்துப் பயனில்லை. உரிமம் இன்றி, சீட்டு இன்றி, ‘உண்டியல்’ என்னும் பழம்பெயரை மட்டும் வைத்துக்கொண்டு நடப்பது அது. சந்தை விகிதத்தினும் மிகுதியாகத் தருவதாகவும் சொல்லுவார்கள். சிற்சிலபோது தரவுஞ் செய்வார்கள். நகரத்தார் உண்டியலுக்கு எழுத்தும் கையொப்பமும் முறைமன்றில் மதிப்பும் இருந்தன. இதற்கு ஒருவர் வாய்ச்சொல்லேயன்றி வேறில்லை. 2000 ஜூன் முதல் நடைமுறையிலுள்ள அந்நியச் செலாவணி நிருவாகச் சட்டத்தின்படி, விதிமீறிய தொகையைப்போல் மும்மடங்கு வரை தண்டம் விதிக்கலாம். அதனினும் அண்மையிலுள்ள துன்பம் ஒன்றுண்டு. ஊரிலுள்ள தாயாரின் கணக்கில் முன்பின் அறியாத யாரோ ஒருவர் பணம் செலுத்துவார். அப்பணம் வேறெங்கோ ஏமாற்றப்பட்டவருடையதாயின், காவல்துறையின் சொற்படி வங்கி அக்கணக்கை முடக்கிவிடும். உழைத்தவரும் அவர் தாயாரும் குற்றமற்றவர். ஆயினும் பணத்தை எடுக்க இயலாது. உரிமம் பெற்ற நிலையங்களும் மூன்றாமவர் கணக்குக்களின் வழியாகப் பணம் வழங்கின் இக்கேடு நேரும். சிங்கப்பூரிலிருந்து சீனத்துக்கு அனுப்பிய பலரின் பணம் ஆண்டு அங்ஙனம் முடக்கப்பட்டமையின், அந்நாட்டு நாணய ஆணையம் 2024 ஜனவரி முதல் சீனத்துக்குப் பணம் அனுப்பும் நிலையங்கள் அத்தகைய இடையாட்களைப் பயன்படுத்துதலை நிறுத்திவைத்தது. ஆகவே, பணம் வந்தவுடன் அதனைச் செலுத்தியவர் பெயரைக் கணக்கேட்டில் நோக்குக. நிலையத்தின் பெயரோ வங்கியின் பெயரோ இன்றித் தனியொருவர் பெயர், அதுவும் முறைதோறும் வெவ்வேறு பெயர், காணப்படின் அவ்வாயிலை விட்டு நீங்குதலே தக்கது.

நாளைப்பற்றியும் ஒரு சொல். செலாவணிச் சந்தை சனி ஞாயிறுகளில் மூடியிருக்கும். திங்களன்று விலை எங்ஙனம் திறக்குமென்று அறியாத நிலையத்தார் சிலர், தமக்குக் காப்பாக அவ்விரு நாளும் விகிதத்தைச் சற்றுத் தாழ்த்தி வைப்பர். தொழிலாளிக்கு ஓய்வுள்ள நாளோ ஞாயிறு ஒன்றே! செயலியை நம்பிக் கையாளத் தெரிந்தவர் புதன் வியாழன் இரவுகளில் தங்குமிடத்திலிருந்தே அனுப்பிவிடலாம்; இந்தியாவில் வங்கிக்கு வங்கி மாற்றும் நெஃப்ட் முறை 2019 டிசம்பர் முதல் இரவும் பகலும் நடைபெறுகின்றது.

செயலி கையாளத் தெரியாதார்க்கு இங்கிருக்கும் மகனோ மகளோ உதவலாம். தந்தையார் அனுப்பிய சீட்டின் படத்தைக் கேட்டு வாங்கி, நாள், கொடுத்த வெள்ளி, விழுந்த ரூபாய் ஆகிய மூன்றையும் ஒரு குறிப்பேட்டில் எழுதி, வகுத்து வந்த எண்ணைப் பக்கத்திற் குறித்து வைக்க. மூன்று நான்கு திங்களில் எவ்வாயில் எத்தொகைக்கு எங்ஙனம் கொடுத்தது என்பது ஒரு பக்கத்தில் அடங்கிவிடும். அப்பக்கத்தைப் படமெடுத்து அவர்க்கு விடுத்தால், அடுத்த சம்பள நாளன்று எவ்வாயிலிற் கேட்கத் தொடங்குவது என்பதை அவர் அறிந்திருப்பார்.