நிவாரணப் பணிக்கு நல்ல மனசு போதாதா?

கேள்வி: சிவில் இன்ஜினீயரிங் முடித்து நான்கு வருடமாகக் கட்டுமான நிறுவனமொன்றில் வேலை பார்க்கிறேன். போர், பூகம்பம், வெள்ளம் என்று தவிக்கும் இடங்களுக்குப் போய் நிவாரண வேலை செய்ய ஆசை. அதற்கு முன் அறிமுகப் பயிற்சி எடு என்கிறார்கள். உதவி செய்ய மனசு இருந்தால் போதாதா?
*(வாசகர், கரூர்)*

பதில்: மனசு மட்டும் கிளம்பிப் போனால் என்ன ஆகும் என்பதை நம் கடற்கரையிலேயே பார்த்தோம். 2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினத்துக்கு லாரி லாரியாகப் பழைய துணி வந்து இறங்கியது. பிறர் உடுத்திக் களைந்ததை மீனவக் குடும்பங்கள் தொடவில்லை. அது சாலையோரத்தில் குவிந்து கிடந்தது. அப்புறப்படுத்துவதே தனி வேலையாயிற்று. தற்காலிகக் குடியிருப்புகளைத் தார் ஷீட் வைத்துக் கட்டினார்கள். கோடை வந்ததும் பகலில் உள்ளே உட்கார முடியவில்லை. கொடுத்தவர், கட்டியவர் யாருடைய மனசிலும் குறையில்லை. உள்ளே குடியிருக்கப் போகிறவர்களை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

இதைவிடக் கசப்பான பாடம் 1994-ல் கிடைத்தது. ருவாண்டா இனப்படுகொலையை அடுத்து லட்சக்கணக்கானோர் எல்லை தாண்டி, இன்றைய காங்கோவிலுள்ள கோமாவில் குவிந்தார்கள். உதவி அமைப்புகள் ஏராளமாக வந்திருந்தும் சில வாரங்களில் காலராவிலும் சீதபேதியிலும் பல்லாயிரம் பேர் செத்தார்கள். அந்த அவமானத்திலிருந்துதான் 1997-ல் 'ஸ்ஃபியர்' திட்டம் பிறந்தது. நிவாரணத்தின் குறைந்தபட்சத் தரங்களைச் சொல்லும் அதன் கையேடு இன்று இந்தத் துறையின் அரிச்சுவடி. 2018-ல் வந்த நான்காம் பதிப்பை இணையத்தில் இலவசமாகவே படிக்கலாம்.

நல்ல பயிற்சி வகுப்பில் முதல் நாளே காகிதத்தில் ஒரு முகாமை உங்கள் கையில் கொடுத்துவிடுவார்கள். 5,000 பேர் என்று வையுங்கள். ஆளுக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 15 லிட்டர் தண்ணீர் என்றால் 75,000 லிட்டர். 12,000 லிட்டர் டேங்கர் லாரி தினமும் ஆறு நடைக்கு மேல் வரவேண்டும். வரும் சாலை தாங்குமா? 250 பேருக்கு ஒரு குழாய் வீதம் 20 குழாய். கழிப்பறை ஆரம்ப நாட்களில் 50 பேருக்கு ஒன்று, போகப் போக 20 பேருக்கு ஒன்று. அதாவது நூறில் தொடங்கி 250. தலைக்கு மூன்றரை சதுர மீட்டர் கூரை நிழல். ஐந்து பேர் குடும்பத்துக்கு ஏறக்குறைய 190 சதுர அடி. இதுவரை உங்களுக்கு எளிது, இன்ஜினீயர் ஆயிற்றே! அடுத்த கேள்வியில்தான் பலர் திணறுவார்கள்: கழிப்பறைக் கதவுக்கு உள்தாழ்ப்பாள் உண்டா, போகிற வழியில் விளக்கு உண்டா? இல்லையென்றால் இருட்டியபின் எந்தப் பெண்ணும் அங்கே போகமாட்டாள். நீங்கள் கட்டிய 250-உம் கணக்கில்தான் இருக்கும்.

மனிதநேயம், பாரபட்சமின்மை, நடுநிலை, சார்பின்மை என்று நான்கு கொள்கைகளையும் சொல்லித் தருவார்கள். கேட்கும்போது பள்ளிப் பாடம் மாதிரி இருக்கும். பிறகு ஒத்திகை நடக்கும். சோதனைச் சாவடியில் துப்பாக்கியோடு ஒரு சிப்பாய், 'அடுத்த ஊர்வரை வண்டியில் ஏற்றிக்கொள்' என்கிறார். ஏற்றினால் நாளை எதிர்த்தரப்புக்கு உங்கள் வண்டியும் ராணுவ வண்டிதான். அவர் முகம் கோணாமல் எப்படி மறுப்பது? நடுநிலை என்ற சொல்லுக்கு அங்கேதான் பொருள் புரியும்.

எங்கே படிப்பது? 'காயா', 'டிசாஸ்டர்ரெடி' என்ற இணையதளங்கள் இரண்டிலும் பாடங்கள் இலவசம். ஆங்கிலம் தெரிந்தால் போதும். நேரடி வகுப்புக்குப் புனேயிலுள்ள 'ரெட்ஆர் இந்தியா' அமைப்பை விசாரியுங்கள். ரெட்ஆர் உங்கள் தொழில்காரர் தொடங்கியது: மலேசியாவில் வியட்நாம் அகதிகளின் முகாம்களில் வேலை செய்த பீட்டர் கத்ரி என்ற பிரிட்டிஷ் இன்ஜினீயர் 1980-ல் ஆரம்பித்தார். சான்றிதழ் வாங்கினால் வெளிநாட்டு வேலை நிச்சயம் என்று லட்சக்கணக்கில் கேட்பவர்கள் பக்கம் போகாதீர்கள். 2025-ல் அமெரிக்கா உதவி நிதியை வெட்டியதில் இத்துறையில் அனுபவசாலிகளே ஆயிரக்கணக்கில் வேலை இழந்திருக்கிறார்கள். கையில் இருக்கும் வேலையை விட்டுவிடாமல் பயிற்சியைத் தொடங்குங்கள்.

கேள்வி: நர்ஸிங் முடித்த என் மகள், போர் நடக்கும் நாட்டுக்குப் போகிறேன் என்கிறாள். பயிற்சி கொடுத்துத்தான் அனுப்புவார்களாம். நம்பி அனுப்பலாமா?
*(வாசகி, தஞ்சாவூர்)*

பதில்: உங்கள் பயம் நியாயமானதுதான் அம்மா. 2003 ஆகஸ்ட் 19 அன்று பாக்தாத்தில் ஐ.நா. அலுவலகத்தில் குண்டு வெடித்து 22 பேர் இறந்தார்கள். 2006 ஆகஸ்டில் இலங்கை மூதூரில் ஒரு பிரெஞ்சுத் தொண்டு நிறுவனத்தின் ஊழியர்கள் 17 பேரைச் சுட்டுக் கொன்றார்கள். கொல்லப்பட்டவர்கள் எல்லோரும் உள்ளூர்க்காரர்கள், ஒருவர் தவிரத் தமிழர்கள். உயிரைப் பணயம் வைப்பவர்களில் பெரும்பாலோர் இப்படிச் சொந்த மண்ணில் வேலை செய்பவர்கள்தான்.

பயிற்சியைப் பொறுத்தவரை, ஐ.நா.வின் 'பிசேஃப்' என்ற பாதுகாப்புப் பாடம் இலவசம். அதற்கு மேலே, ஆபத்தான இடங்களுக்கென்று சில நாள் நேரடிப் பயிற்சி உண்டு. போலித் துப்பாக்கிச் சூடு, போலிக் கடத்தல் எல்லாம் நடத்திப் பழக்குவார்கள். அதில் அழுது எழுந்து வருபவர்கள் உண்டு. அது தோல்வியில்லை, தன்னால் தாங்க முடியுமா என்று தெரிந்துகொள்ள அதைவிட நல்ல இடமும் இல்லை. எந்தப் பயிற்சியும் ஆபத்தை இல்லாமல் செய்துவிடாது. ஆகவே அனுப்புகிறவர்களிடம் காப்பீடு என்ன, நிலைமை மோசமானால் வெளியே கொண்டுவரும் ஏற்பாடு என்ன என்று எழுத்தில் கேளுங்கள். மழுப்பினால் அனுப்பாதீர்கள். எல்லைகளற்ற மருத்துவர்கள் போன்ற அமைப்புகள் முன்அனுபவம் கேட்கும். மகள் முதலில் இரண்டு வருடம் நம் ஊர் அரசு மருத்துவமனையில் அவசரச் சிகிச்சைப் பிரிவில் நிற்கட்டும்.

கேள்வி: எனக்கு 61 வயது. கிடங்குக் கணக்கராக இருந்து ஓய்வு பெற்றவன். எனக்கும் இதில் இடமுண்டா?
*(வாசகர், கடலூர்)*

பதில்: ஐயா, உங்களைப் போன்றவர்கள்தான் கிடைப்பதில்லை. அரிசி எத்தனை மூட்டை வந்தது, எத்தனை போனது என்று இரவு பத்து மணிக்கும் சரியாக எழுதி வைக்கிறவர் இருந்தால் பாதி முகாம் ஒழுங்காகிவிடும். வெளிநாடு போகவேண்டியதில்லை; கடலூருக்குப் புயலும் வெள்ளமும் புதிதா என்ன? பேரிடர்த் தன்னார்வலர்களுக்கான 'ஆப்த மித்ரா' திட்டத்தின் பயிற்சி இளைஞர்களுக்கானது. அதை உங்கள் தெருப் பிள்ளைகளிடம் சொல்லுங்கள். நீங்கள் வடகிழக்குப் பருவமழைக்கு முன் கலெக்டர் அலுவலகத்துப் பேரிடர் மேலாண்மைப் பிரிவுக்குப் போய்ப் பெயர் கொடுத்துவையுங்கள்.