வீட்டுப் பரிசோதகர்: தகுதியும் தொழில் நெறியும்

சாதாரணக் குடும்பமொன்று தன் வாழ்நாட் சேமிப்பைக் கொண்டு வாங்கும் பொருள்களுள் மிகப் பெரியது வீடேயாகும். ஆயினும், புதிதாக வெள்ளையடித்த சுவரினுள் ஓதம் ஏறியுள்ளதா, மேல்தளத்துக் கம்பிகள் துருப்பிடித்துள்ளனவா என்பதை வாங்குபவர் தாமே அறிவது அரிது. விற்பவருக்கும் தரகருக்கும் விற்பனை முடிவதே நன்மை. ஆகவே, இவர்களைச் சாராது உண்மையைக் கூறும் ஒருவர் தேவைப்படுகிறார். அமெரிக்க ஐக்கிய நாடுகளில் இப்பணி ஒரு தனித் தொழிலாகவே வளர்ந்துள்ளது. அங்கு வகுக்கப்பட்டுள்ள நெறிகள், கட்டடங்களைப் பார்வையிட நேரும் நம் களப் பணியாளரும் அறியத்தக்கவை.

1976-ஆம் ஆண்டில் அமைக்கப்பெற்ற அமெரிக்க வீட்டுப் பரிசோதகர் சங்கம், பரிசோதனையின் எல்லையை வரையறுத்துள்ளது. கூரை, அஸ்திவாரம், சுவர், குழாய்கள், மின்னமைப்பு முதலியவற்றுள் எளிதில் அணுகக்கூடிய பகுதிகளைக் கண்ணால் கண்டு ஆராய்வதே பரிசோதகரின் வேலை. சுவரை உடைத்துப் பார்ப்பதும், சாமான்களை நகர்த்துவதும் அவர் கடமையல்ல. ஆனால், பரிசோதிக்க இயலாத பகுதி எது, காரணம் யாது என்பதை அறிக்கையில் குறிப்பிடுவது அவர் கடமையாகும். "பார்க்கவில்லை" என்பதை எழுதாது விட்டால், படிப்பவர் அதனைக் "குறையில்லை" என்றே கொள்வர்.

தகுதி பற்றிய சட்டம் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடுகிறது. டெக்ஸாஸில் லைசென்சு பெறாது இத்தொழிலைச் செய்யலாகாது. பல மாநிலங்களில் தேர்வில் தேறுவது அவசியம். கலிபோர்னியாவிலோ லைசென்சு முறை இல்லை. எனினும், பரிசோதித்த வீட்டின் பழுதுகளைப் பன்னிரண்டு மாதங்களுக்குள் அப்பரிசோதகரே கூலி பெற்றுச் சரி செய்வதை அம்மாநிலச் சட்டம் தடுக்கிறது. குறை காண்பதனாலேயே தமக்கு வருமானம் வருமாயின், இல்லாத குறையும் கண்ணுக்குத் தோன்றும் அன்றோ? தேர்வு அறிவை அளக்கும். நடுநிலைமையைக் காப்பதற்கு இத்தகைய விதியே வேண்டும்.

அறிக்கை எழுதும் முறையை ஓர் உதாரணத்தால் விளக்கலாம். "மேல்தளம் பலமற்றது" என்பது வெறும் அபிப்பிராயம். "சமையலறை மேல்தளத்தில், கம்பியின் போக்கிலேயே இரண்டடி நீள விரிசலும் துருக்கறையும் உள்ளன, கம்பி துருப்பிடித்திருக்கலாம், பொறியாளர் ஆராய வேண்டும்" என்பதே பயன் தரும் குறிப்பு. இரும்பு துருவாகும்போது அதன் பருமன் பெருகுகிறது. அதனால் மேலுள்ள கான்கிரீட் பிளந்து உதிர்கிறது. இக்குறிப்பில் கண்டது, கருதியது, செய்யவேண்டியது ஆகிய மூன்றும் தனித்தனியே நிற்பதைக் கவனிக்க.

ஆசிரியர்கள் இதனை வகுப்பில் பயிற்சியாக அளிக்கலாம். பள்ளிச் சுவர் ஒன்றை மாணவர் இருவர் தனித்தனியே பார்த்து இம்முறையில் எழுதட்டும். பின்னர் இரு குறிப்புகளையும் ஒப்பிடுக. கண்டவை ஒத்திருந்து கருதியவை மட்டும் வேறுபடுமாயின், மாணவர் பரிசோதனையின் முதற்பாடத்தைக் கற்றுவிட்டனர் எனலாம்.