வீசிங் இருக்கும் வீட்டில் தரை எப்படி இருக்கணும்?

என் மாமியாருக்கு முப்பது வருட ஆஸ்துமா. மகனுக்குக் காலையில் எழுந்ததும் பத்துத் தும்மல். இவர்களை வைத்துக்கொண்டு நான்கு வாடகை வீடு மாறியதில் ரெட் ஆக்சைடு, மொசைக், டைல்ஸ், லாமினேட் என்று எல்லாத் தரையிலும் குடியிருந்தாயிற்று. "எந்தத் தரை போட்டால் நல்லது?" என்று யாராவது கேட்டால், "இப்ப எதால பெருக்குறீங்க?" என்றுதான் முதலில் திருப்பிக் கேட்பேன்.

1. காய்ந்த தரையில் பூந்துடைப்பத்தை வீசிப் பெருக்கினால் முறத்துக்கு வருவது முடியும் மண்ணும்தான். மூச்சில் போகிற மெல்லிய தூசி மேலே எழும்பி, ஃபேன் காற்றில் சுற்றிவிட்டு மறுபடி தரைக்கே வந்துவிடும். ஃபேனை நிறுத்திவிட்டு, நன்றாகப் பிழிந்த ஈரத்துணியால் துடைப்பதே மேல். பெருக்கியே தீரவேண்டுமென்றால் துடைப்பத்தைத் தூக்காமல் தாழ்வாக இழுத்து, கையோடு துடைத்துவிடுங்கள். புதுத் துடைப்பத்தை வாசல்படியில் நாலு தட்டு தட்டிப் பாருங்கள், கைப்பிடி அளவு பூந்தூள் கொட்டும். அது உதிர்ந்து தீரும்வரை தட்டி, அலசிக் காயவைத்த பிறகே வீட்டுக்குள் எடுங்கள். இளைப்பு இருப்பவர் துடைப்பத்தைத் தொடவே கூடாது. எங்கள் வீட்டில் பல வருடம் அந்த வேலையை மாமியார்தான் செய்தார். "சும்மா உட்கார்ந்து சாப்பிடணுமா?" என்பார். இப்போது கீரை ஆய்வது, பூ கட்டுவது அவர் பொறுப்பு.

2. படுக்கையறையில் கார்ப்பெட் வேண்டவே வேண்டாம். டஸ்ட் மைட் எனப்படும் தூசி உண்ணி கால் மில்லிமீட்டர் அளவுதான், கண்ணுக்குத் தெரியாது. நம் உடம்பிலிருந்து உதிரும் தோல் செதில்தான் அதற்குச் சாப்பாடு. தண்ணீர் குடிக்காது, காற்றிலிருக்கும் ஈரத்தையே உறிஞ்சிக்கொள்ளும். காற்றில் ஈரப்பதம் 50 சதவீதத்துக்குக் கீழே போய் அப்படியே நீடித்தால் அதற்குப் பிழைப்பு கஷ்டம். ஆனால் நம் கடலோர ஊர்களில் அந்த நிலை அபூர்வம். அலர்ஜி தருவது அதன் எச்சமும் செத்த உடலின் துகளும். கார்ப்பெட்டை வேக்குவம் செய்தால் மேல் தூசி வரும், இழையைப் பிடித்துக்கொண்டிருக்கும் உண்ணி வராது. சாதாரண வேக்குவம் கிளீனரோ பின்பக்கமாக மெல்லிய தூசியை வெளியே ஊதும். வாங்குவதானால் ஹெப்பா ஃபில்டர் உள்ளதைக் கேட்டு வாங்குங்கள்.

3. விரிப்பு இல்லாமல் முடியாது என்பவர்களுக்கு ஜமுக்காளமும் கோரைப்பாயும் இருக்கவே இருக்கின்றன. ஜமுக்காளத்தைத் துவைத்து வெயிலில் போடலாம், கார்ப்பெட்டை அப்படிப் போட முடியுமா? போர்வை, தலையணை உறை, சின்ன விரிப்புகளுக்கு 55 டிகிரிக்குக் குறையாத வெந்நீர் வேண்டும், அதில்தான் உண்ணி சாகும். பாயை ஈரத்துணியால் துடைத்து, இரண்டு பக்கமும் காய்ந்த பிறகு சுருட்டுங்கள்.

4. பழைய தரையை மறைக்க அதன்மேல் பிவிசி ஷீட் ஒட்டுவதற்கு முன் ஒரு சோதனை. ஓரடிச் சதுர பாலிதீன் தாளை நான்கு பக்கமும் டேப் போட்டுத் தரையில் ஒட்டி, இரண்டு நாள் கழித்துப் பிரித்துப் பாருங்கள். அடியில் நீர் முத்து கோத்திருந்தால் தரை கீழிருந்து ஈரம் வாங்குகிறது என்று அர்த்தம். நான் இதைச் செய்யாமல், விரிசல் விட்ட ரெட் ஆக்சைடு தரையில் மரக்கலர் ஷீட் போட்டேன். பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஐப்பசி மழையில் அறைக்குள் ஈரச் சாக்கு வாடை. மகனுக்கு இரவெல்லாம் இருமல். கார்த்திகையில் ஒரு மூலையைத் தூக்கிப் பார்த்தால், மிளகுப்பொடியைத் தூவிய மாதிரி கறுப்புப் பூஞ்சை, சுவர்வரை. போட்ட காசு போனது போகட்டும், அதைப் பிய்த்த அன்றுதான் தூசியும் பூஞ்சை வித்தும் அதிகமாகப் பறந்திருக்கும். இளைப்பு உள்ளவரை வெளியே அனுப்பிவிட்டு, முகக்கவசம் போட்டுக்கொண்டு, தரையை நனைத்துப் பிய்த்திருக்க வேண்டும்.

5. டைல்ஸ் நல்லதுதான். அழுக்கு தங்குவது டைலில் அல்ல, ஜாயின்ட்டில். பெரிய டைல் போட்டால் ஜாயின்ட் குறையும். பாத்ரூமிலும் சமையலறையிலும் சிமெண்ட் ஃபில்லிங்குக்குப் பதில் எப்பாக்சி கேளுங்கள். விலை கூடுதல், ஆனால் தண்ணீர் இழுக்காது, கறுக்காது. வயதானவர் நடக்கிற இடத்தில் வழவழப்புக்கு ஆசைப்பட வேண்டாம்.

6. மொசைக், கடப்பா, ரெட் ஆக்சைடு, ஆத்தங்குடி எதுவும் இளைப்புக்கு எதிரி இல்லை. விரிசல்தான் எதிரி. அதிலும் ஸ்கர்ட்டிங் ஓர இடுக்கிலும் கரப்பான் குடியேறும். அதன் எச்சமும் ஆஸ்துமாவைக் கிளப்பிவிடும். இடுக்கை ஒயிட் சிமெண்ட் வைத்து அடையுங்கள், இரவில் பாத்ரூம் ஜாலியை மூடுங்கள். ஸ்ப்ரே அடித்தால் அதுவே இளைப்பைக் கொண்டுவரும். கரப்பானுக்கு ஜெல் மருந்து போதும்.

7. லாமினேட் மரத்தரை என்பது மர நாரைப் பசையில் கலந்து அழுத்திய பலகை. அந்தப் பசையிலிருந்து ஃபார்மால்டிஹைடு கசியும், கண்ணும் தொண்டையும் எரியும். அட்டைப்பெட்டியில் ஈ1 அல்லது ஈ0 என்று போட்டிருக்கிறதா பாருங்கள். போட்ட பிறகு சில வாரம் ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டுப் படுக்கப் போங்கள். இதை நான் விரும்பாததற்கு வேறு காரணம் உண்டு. தண்ணீர் பட்டால் உப்பிக்கொள்ளும், ஆகவே தாராளமாக ஈரத்துணி போட முடியாது.

8. துடைக்கிற தண்ணீரில் வாசனை ஃபினாயிலைத் தாராளமாக ஊற்றினால் வீடு மணக்கும், கூடவே நெஞ்சும் அடைக்கும். அன்றாடத்துக்கு வெறும் தண்ணீரும் துளி சோப்பும் போதும். பாத்ரூம் ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் ஒருபோதும் சேர்க்காதீர்கள். வருவது குளோரின் வாயு, நல்ல நுரையீரலே தாங்காது. மாப்பைப் பக்கெட்டிலேயே ஊறவிடாமல் அலசி வெயிலில் தொங்கவிடுங்கள்.

9. டைல்ஸ் வேலை நடக்கும்போது மேஸ்திரியிடம் தண்ணீர் விட்டு அறுக்கச் சொல்லுங்கள். "உள்ளேயே அறுத்துடறேன் அக்கா, சீக்கிரம் முடியும்" என்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள். அந்த வெள்ளைப் பொடி அவருக்கும் கெடுதல்தான்.

10. செருப்பு வாசலோடு நிற்கட்டும். மிதியடியை வாரம் ஒருமுறை தெருவில் உதறுங்கள், பால்கனியில் வேண்டாம். கோலமாவு என்று கடையில் கிடைப்பது பெரும்பாலும் கல் பொடி. இளைப்புக்காரர் கோலம் போடுவதானால் வாசலை நன்றாக நனைத்துவிட்டு அரிசிமாவில் போடலாம்.

11. தரைக்குச் செலவழிக்கும் முன் மெத்தையைப் பாருங்கள். உண்ணிக்குத் தலைநகரம் அதுதான். மெத்தைக்கும் தலையணைக்கும் ஜிப் வைத்த, நெருக்கமாக நெய்த அலர்ஜி உறை போடுவது புதுத் தரையைவிட எவ்வளவோ மலிவு. எதைச் செய்தாலும் டாக்டர் எழுதித் தந்த இன்ஹேலரை நீங்களாக நிறுத்த வேண்டாம். கட்டில் வாங்கும்போது மாப் அடியில் படுத்துப் போகிற உயரம் இருக்கிறதா என்று பாருங்கள். அங்கே சூட்கேஸ்களை அடுக்கிவிட்டால் எந்த உயரமும் பயன்படாது. எங்கள் வீட்டில் என் கல்யாணப் பெட்டியே பதினெட்டு வருடம் அங்கேதான் கிடந்தது.