உங்கள் போனை எவ்வளவு மாற்றலாம்? மூன்று படிகள்

புதுசா போன் வாங்கியாச்சா? "வந்தபடியே இருக்கட்டும், எதையும் நோண்டாதே" என்பார் வீட்டுப் பெரியவர். "நம்ம போன்தானே, இஷ்டம்போல மாத்திக்கலாம்" என்பார் கல்லூரி போகும் பிள்ளை. இருவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் வங்கிக் கணக்கு, பென்ஷன் குறுஞ்செய்தி, டிஜிலாக்கர் சான்றிதழ் எல்லாமே இன்று அந்த ஒரே போனில்தான். அதனால் எதை மாற்றுகிறோம் என்று பார்த்து முடிவெடுப்பது நல்லது.

முதல் படி: தாராளமாக மாற்றலாம்

எழுத்தின் அளவு, மொழி, கீபோர்டின் மொழி, முகப்புத் திரையின் தோற்றம் போன்றவற்றை மாற்றுவதால் போனின் பாதுகாப்பு குறையாது. நம்மூரில் தமிழோடு பிரெஞ்சும் எழுதுபவர்கள் உண்டு. ஒரே கீபோர்டில் இரண்டு மொழிகளையும் சேர்த்துக்கொள்ளலாம்.

போனோடு வந்த செயலிகளில் தேவையில்லாதவற்றை நீக்கலாம், நீக்க முடியாத பலவற்றை முடக்கி வைக்கலாம். 2022 அக்டோபரில் இந்தியப் போட்டி ஆணையம் கூகுளுக்கு ரூ.1,337.76 கோடி அபராதம் விதித்தது. தன் செயலிகளை மொத்தமாகப் போனில் வைக்கும்படி தயாரிப்பாளர்களைக் கட்டாயப்படுத்தியது அதற்கு ஒரு காரணம். அரசுச் செயலிக்கும் இதே கேள்வி எழுந்தது. புதிய போன்களில் சஞ்சார் சாத்தி செயலி கட்டாயம் என்ற மத்திய அரசின் உத்தரவு, 2025 டிசம்பர் 3 அன்று திரும்பப் பெறப்பட்டது. தொலைந்த போனை முடக்க உதவும் அந்தச் செயலியை, வேண்டுபவர்கள் தாங்களே நிறுவிக்கொள்ளலாம்.

இரண்டாம் படி: நிதானம் தேவை

ஆண்ட்ராய்டில் பிளே ஸ்டோருக்கு வெளியிலிருந்தும் செயலி நிறுவ முடியும். இந்தச் சுதந்திரத்தைத்தான் மோசடிக்காரர்கள் குறிவைக்கிறார்கள். போக்குவரத்து அபராதம், கல்யாணப் பத்திரிகை என்ற பெயரில் வாட்ஸ்அப்பில் ஒரு ஏபிகே ஃபைல் வரும். திறந்தால், குறுஞ்செய்தி படிக்க அனுமதி கேட்கும். "சரி" என்று தட்டிவிட்டால் வங்கி அனுப்பும் ஓடிபி அவர்கள் கைக்குப் போய்விடும்.

செட்டிங்ஸில் 'தெரியாத ஆப்ஸை நிறுவுதல்' என்று தேடுங்கள். அதில் வாட்ஸ்அப், பிரவுசர் இரண்டுக்கும் அனுமதி இருந்தால் அணைத்துவிடுங்கள். வீட்டுப் பெரியவர்களின் போனிலும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

மூன்றாம் படி: தினசரி போனில் வேண்டாம்

போனின் இயங்குதளத்தையே மாற்றுவது, 'ரூட்' செய்வது இந்தப் படியில் வரும். இதற்காகப் பூட்லோடரைத் திறக்கும்போதே போனில் உள்ள தகவல்கள் பொதுவாக முழுவதும் அழிந்துவிடும். ரூட் செய்த போனில் பல வங்கி, யுபிஐ செயலிகள் திறக்காது. ஒரு செயலி மற்றொன்றின் தகவலைத் தொடாதபடி இருக்கும் தடுப்பு பலவீனமாவதே காரணம். பாதுகாப்பு அப்டேட்டும் தானாக வருவது நின்றுபோகலாம்.

இதெல்லாம் தவறான ஆசை இல்லை. ஐஐடி மெட்ராஸில் வளர்ந்த நிறுவனம் 2023 ஜனவரியில் அறிமுகப்படுத்திய பார்ஓஎஸ், முன்பே நிறுவிய செயலிகள் இல்லாமல் வருகிறது. ஆனால் அது முதலில் போனது, ரகசியம் காக்க வேண்டிய நிறுவனங்களுக்கு. அங்கே போன்களைப் பராமரிக்கத் தனி ஆட்கள் இருப்பார்கள். வீட்டில் அந்த வேலையும் நம் தலையில்தான். கற்றுக்கொள்ள ஆர்வம் இருந்தால், சிம் இல்லாத பழைய போன் ஒன்றில் செய்து பாருங்கள். சொதப்பினாலும் பணம் போகாது.

பணம் போய்விட்டதா? உடனே 1930 எண்ணுக்கு அழையுங்கள். வங்கிக்கும் தெரிவியுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, பணம் கைமாறும் முன் நிறுத்திவைக்க அவ்வளவு வாய்ப்பு உண்டு. எந்த ஃபைலைத் திறந்த பிறகு இது நடந்தது என்பதையும் சொல்லுங்கள். வெட்கப்பட்டு மறைக்க வேண்டாம்.